உடன்பிறந்தாள் ஒப்பாரி

நாஞ்சில் நாட்டுச் சாவு வீடுகளில் முன்பெல்லாம் இரண்டு ஒப்பாரி கேட்கும். ஒன்று, செத்தவன் பெண்டாட்டி பாடுவது. மற்றது, அவன் உடன்பிறந்தாள் பாடுவது. இருவரும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டுதான் அழுவார்கள். ஆனால் காதைக் கொஞ்சம் தீட்டிக்கொண்டு கேட்டால் தெரியும், இரண்டும் ஒரே பாட்டு அல்ல. பெண்டாட்டியின் பாட்டில், நோயில் கிடந்தவனுக்கு ராத்திரி பகல் பார்க்காமல் பணிவிடை செய்த கதை வரும். உடன்பிறந்தாள் பாட்டில், ஒரே தாய் வயிற்றில் கிடந்த கதை வரும். சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்கள் மூக்கைச் சிந்தியபடியே யார் பக்கம் நியாயம் என்று தராசு பிடித்துக்கொண்டிருப்பார்கள். வெளியே பந்தலில் ஆம்பிளைகள் வெற்றிலையை மென்றுகொண்டு, செத்தவருக்கு எத்தனை கோட்டை விதைப்பாடு என்று கணக்குப் போடுவார்கள்.

சிறுவயதில் எனக்கு இது வெறும் அழுகை. பிற்பாடுதான் புரிந்தது, அது வழக்கும்தான். துக்கம் பொய்யில்லை. ஆனால் துக்கத்துக்குள் ஒரு வாதம் உட்கார்ந்திருந்தது. கேட்பவர் மனசைத் தன் பக்கம் சாய்க்க வேண்டும். அதற்கு உவமை வேண்டும், அடுக்கு வேண்டும், சரியான இடத்தில் குரல் உடைய வேண்டும். அணி இலக்கணம் எதையும் கேள்விப்படாத கிழவிகள் இவற்றையெல்லாம் கச்சிதமாகச் செய்தார்கள்.

அந்த இரண்டு ஒப்பாரிகளில் ஒன்று புத்தகமாயிற்று. நான் சொல்லவருவது அந்தப் புத்தகத்தைப் பற்றி. ஆகாமல் போன மற்றொன்றைப் பற்றியும்.

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை என்றதும் உங்களுக்கு வெள்ளைப் பசுவும் கன்றுக்குட்டியும் ஞாபகம் வரும். ஒன்றாம் வகுப்பில் தலையை ஆட்டி ஆட்டிப் பாடியிருப்பீர்கள். சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் தேரூரில் 1876ல் பிறந்து 1954ல் மறைந்தவர். உமர் கய்யாமைத் தமிழில் தந்தவர். எட்வின் அர்னால்டின் புத்தர் காவியத்தை 'ஆசிய ஜோதி' ஆக்கியவர். ஆசிரியர் வேலை பார்த்தவர், சாது. அந்தச் சாது செய்த ஒரு வம்புக் காரியம்தான் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்'. 1917, 18 வாக்கில் 'தமிழன்' என்ற பத்திரிகையில் தொடராக வந்தது.

மருமக்கள்வழி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே மருமக்கள் என்பது சகோதரியின் பிள்ளைகள். நாஞ்சில் நாட்டு வேளாளரில் ஒரு சாராரிடம், அப்பன் செத்தால் சொத்து மகனுக்கு இல்லை. அப்பனுடைய சகோதரி மகனுக்கு. குடும்பத்தை ஆள்பவர் காரணவர். அவருக்குப் பிறகு அவர் மருமகன்.

மலையாளத்து நாயர் தறவாடுகளிலும் இதே வழிதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். நாயர் வீட்டுப் பெண் பெரும்பாலும் தன் தாய் வீட்டிலேயே இருந்தாள். அவள் பிள்ளைகள் அங்கேயே வளர்ந்தன, அங்கேயே உரிமை பெற்றன. நம் வேளாளப் பெண்ணோ தாலி கட்டிக்கொண்டு புருஷன் வீட்டுக்கு வந்தாள். பிள்ளை பெற்றாள், நெல் அவித்தாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். புருஷன் கண்ணை மூடிய மறுநாள் அது அவள் வீடு இல்லை. பிள்ளைகளுக்கு 'உகந்துடைமை' என்று ஒரு சிறு பங்கு உண்டு. பெயரைப் பாருங்கள், உகந்து தருகிற உடைமை. உகக்காத மருமகனிடம் அதை வாங்குவதற்குள் கோர்ட்டுப் படி தேய்ந்துவிடும்.

இந்த ஏற்பாட்டின் மீதுதான் கவிமணி கல்லெறிந்தார். எப்படி எறிந்தார் என்பதுதான் விஷயம்.

சீர்திருத்தம் வேண்டும் என்று கட்டுரை எழுதியிருக்கலாம். நாலு பேர் படித்துத் தலையாட்டியிருப்பார்கள். அவர் செய்தது வேறு. ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவியைக் கூப்பிட்டு நடுவீட்டில் உட்கார வைத்து, 'நீயே சொல்லு தாயே' என்று விட்டுவிட்டார். கதை முழுக்க அவள் வாய்மொழி. காரணவர் பெயர் பஞ்சகல்யாணிப் பிள்ளை. நாலு காலும் நெற்றியும் வெளுத்த குதிரையைப் பஞ்சகல்யாணி என்பார்கள், லட்சணமானது, யோகமானது. இவரும் யோகக்காரர்தான், அஞ்சு கல்யாணம் கட்டியவர். பெயர் வைத்ததிலேயே பாதி வழக்கு ஜெயித்தாயிற்று.

அடுத்தது, 'மான்மியம்' என்ற சொல். மாகாத்மியம் என்பதன் தமிழ் வடிவம். கோயிலுக்கும் தீர்த்தத்துக்கும் பெருமை சொல்லும் புராணங்களுக்கு இடுகிற பெயர். அதைக் கொண்டுவந்து ஒரு சொத்துச் சண்டைக்குச் சூட்டினார். படலங்களின் பெயர்களை மட்டும் பாருங்கள். குலமுறை கிளத்து படலம். இது கம்பராமாயணத்தில் விசுவாமித்திரர் ஜனகனுக்கு ராமனின் குலப் பெருமை சொல்லும் படலத்தின் பெயர். அப்புறம் மாமி அரசியற் படலம், கேலிப் படலம், நாகாஸ்திரப் படலம், அதற்கு மாற்றாகக் கருடாஸ்திரப் படலம், கோடேறிக் குடிமுடித்த படலம். கோடு என்றால் கோர்ட்டு. கோர்ட்டுக்குப் போய்க் குடி கெட்ட கதை. முடிவில் கும்பியெரிச்சல் படலம். பெரிய காவியத்தின் சட்டையை எடுத்து ஒரு சின்னத்தனத்துக்குப் போட்டுவிட்டால் சட்டை தொளதொளவென்று தொங்கும். அந்தத் தொளதொளப்பில்தான் சிரிப்பு. ஆங்கிலத்தில் அலெக்சாண்டர் போப் ஒரு சீமாட்டியின் கூந்தல் கற்றை களவு போனதை வீர காவியமாகப் பாடி 1712ல் வெளியிட்டார். அதே உத்தி. கவிமணி அங்கிருந்து எடுத்தார் என்று சொல்லவில்லை. தொல்காப்பியமே அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. முகத்துக்கு நேராகத் திட்டுவது ஒன்று, மறைத்துத் திட்டுவது மற்றொன்று. இரண்டாவதற்குத்தான் ஆயுசு அதிகம்.

இப்போது கொஞ்ச நேரம் அமெரிக்காவுக்குப் போய்விட்டு வருவோம். 1937ல் நியூயார்க்கில் பிரசார ஆய்வுக் கழகம் என்று ஒன்று தொடங்கினார்கள். ஹிட்லரும் முசோலினியும் ரேடியோவில் முழங்கிய காலம். சாதாரண ஜனங்கள் ஏமாறாமல் இருக்கட்டும் என்று பிரசாரத்தின் உத்திகளை ஏழாக வகுத்தார்கள். பட்டப்பெயர் சூட்டுதல். மினுமினுக்கும் பொதுச்சொற்கள். ஒன்றின் மதிப்பை இன்னொன்றுக்கு மாற்றி ஒட்டுதல். சாட்சி சொல்ல வைத்தல். 'நானும் உங்களைப் போல ஏழைதான்' என்று பாமர வேஷம். சாதகமான சீட்டை மட்டும் அடுக்கிக் காட்டுதல். 'எல்லாரும் ஏறிட்டான், நீ ஏறலையா' என்று கூட்டத்தோடு இழுத்தல்.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு மான்மியத்தைப் பாருங்கள். பட்டப்பெயர், பஞ்சகல்யாணி. சாட்சி, ஐந்தாம் மனைவி. மதிப்பு மாற்றம், புராண வேஷம். பாமர வேஷத்துக்கு நாஞ்சில் நாட்டு அடுக்களைப் பேச்சு. சீட்டு அடுக்குதல்? அஞ்சு பெண்டாட்டிக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்தாரே, ஒரே ஒரு பெண்டாட்டியோடு ஒழுங்காக வாழ்ந்த காரணவர் ஒருத்தர்கூட அவர் கண்ணில் படவில்லையா? பட்டிருப்பார்கள். வேண்டாம் என்று விட்டுவிட்டார். ஏழில் அஞ்சு தேறுகிறது. அப்படியானால் நம் குழந்தைக் கவிஞர் பிரசாரகரா?

ஆமாம், என்றுதான் சொல்வேன். சொல்லும்போது எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

தமிழில் 'பிரசாரம்' என்பதை விமர்சகர்கள் வசைச்சொல்லாகவே பயன்படுத்தினார்கள். ஒரு கதையைக் கொல்ல வேண்டுமானால் 'பிரசார நெடி' என்று ஒரு வார்த்தை போதும். ஐரோப்பிய மொழிகளில் அந்தச் சொல்லின் பிறப்பு, 1622ல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி விசுவாசத்தைப் பரப்ப அமைத்த சபையின் பெயரிலிருந்து. பரப்புதல், அவ்வளவுதான் அர்த்தம். கெட்ட நாற்றம் பின்னால் ஏறியது. நம் பெரிய காவியங்கள் எதுவும் பரப்பாமலா இருந்தன? சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக்குள் நுழையும் முன்னால், கோட்டைக் கொடிகள் 'வராதே' என்று கை காட்டுவதாக இளங்கோ எழுதுகிறார். காற்றுக்கு ஆடும் துணி அது. தற்குறிப்பேற்ற அணி என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம், ரெண்டு மார்க் வாங்கினோம். அந்த அணி என்ன வேலை செய்கிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை. கண்ணகி சிலம்பைத் தூக்கிக்கொண்டு அரண்மனைக்குப் போவதற்கு எவ்வளவோ முன்னாலேயே, மதுரை குற்றவாளி என்று உங்கள் மனசில் தீர்ப்பு எழுதிவிடுகிறது. அணி அழகுக்கு மட்டும் அல்ல. தாலிச் சங்கிலியில் அழகும் உண்டு, கழுத்தைக் கட்டிப்போடும் வேலையும் உண்டு.

மான்மியத்தின் தீர்ப்பும் பலித்தது. திருவிதாங்கூரில் கொல்லம் ஆண்டு 1101ல், அதாவது 1926ல், நாஞ்சில் நாட்டு வேளாளர் ரெகுலேஷன் வந்தது. கூட்டுச் சொத்தைப் பாகம் வைக்கவும், மனைவி மக்களுக்கு உரிமை கிடைக்கவும் வழி பிறந்தது. ஒரு பாட்டு மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று நான் அளக்க மாட்டேன். 1912லும் 1925லும் நாயர்களுக்குச் சட்டம் வந்திருந்தது. மலையாளத்தில் சந்து மேனோன் 1889லேயே 'இந்துலேகா' நாவலில் காரணவர்களை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். காற்று அந்தப் பக்கம்தான் அடித்தது. ஆனால் நாஞ்சில் நாட்டு வீடுகளில் சிரிப்பைத் தொடங்கி வைத்தது கவிமணி. ஒரு ஏற்பாட்டைப் பார்த்து ஊர் சிரிக்க ஆரம்பித்துவிட்டால் அதற்கு அப்புறம் அது ரொம்ப நாள் நிற்காது.

இங்கே ஒரு கேள்வி உங்களுக்கு வர வேண்டும். வந்திருக்கும். அதே ஏழு உத்தியை வைத்துத்தானே உங்கள் கைப்பேசிக்குத் தினமும் காலையில் விஷம் வருகிறது? ஒரு சாதியை, ஒரு மதத்தை, ஒரு மொழிக்காரனைப் பற்றி? அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

எங்கள் மாவட்டத்துக்காரனுக்கு இந்தக் கேள்வி புத்தகக் கேள்வி அல்ல. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கியது கலவரம். இந்துவும் கிறிஸ்தவனுமாக ஒரே குளத்தில் குளித்து, ஒரே சந்தையில் மீன் வாங்கிய ஊர்கள். வதந்திக்குக் கால் முளைத்தால் என்ன ஆகும் என்று அந்த நாட்களைப் பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வார்த்தை முதலில் போனது. அரிவாள் பின்னால் போனது.

ஆகவே நான் எனக்கென்று மூன்று உரைகல் வைத்திருக்கிறேன். மனசைச் சாய்க்கிற எழுத்து எது வந்தாலும் உரசிப் பார்ப்பேன்.

முதல் உரைகல், யாரைப் பார்த்துச் சிரிக்கிறான்? தன் வீட்டைப் பார்த்தா, அடுத்த வீட்டைப் பார்த்தா? கவிமணி அந்த வேளாளச் சமூகத்துக்குள் பிறந்தவர். சிரித்தது சொந்த அண்ணாச்சிமாரை. தேரூரில் அவர் தெருவில் நடக்கும்போது முகம் கொடுக்க வேண்டியதும் அதே ஆட்களுக்குத்தான். விஷம் எழுதுகிறவனுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. அவன் சிரிப்பது எப்போதும் தன் தெருவில் இல்லாத ஆளைப் பார்த்து.

இரண்டாவது உரைகல், வாசித்து முடித்தபின் ஒரு மனுஷனை அறிந்துகொண்டேனா, ஒரு கூட்டத்தை வெறுக்க மட்டும் கற்றுக்கொண்டேனா? மான்மியத்தின் ஐந்தாம் மனைவி உத்தமி அல்ல. சக்களத்திகளைப் பற்றிப் பேசும்போது அவள் நாக்கில் தேள் இருக்கிறது. பொய் எழுதுகிறவன் தன் சாட்சியைக் குறையே இல்லாத பதுமையாகத்தான் நிறுத்துவான். கவிமணி சாட்சிக்குப் பொறாமையும் கொடுத்தார், வாய்த்துடுக்கும் கொடுத்தார். அவள் சொல்வதில் எவ்வளவு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்ய உங்களுக்குக் கொஞ்சம் இடம் விட்டார். மினுமினுக்கும் மேடைச் சொற்களும் அவளிடம் கிடையாது, 'ஊரே சொல்லுது' என்ற கூட்டத்து இழுப்பும் கிடையாது. தன்னந்தனியாகப் பேசுகிறாள். ஏழில் அந்த இரண்டும் இல்லாமல் போனது தற்செயல் அல்ல என்பேன். மற்ற அஞ்சையும் கவிஞனும் பயன்படுத்துவான், கயவனும் பயன்படுத்துவான். இந்த இரண்டும் இல்லாமல் கயவனுக்குக் கடை நடக்காது.

மூன்றாவது உரைகல், யார் வாய் அடைக்கப்பட்டிருக்கிறது?

இங்கேதான் எனக்கு முட்டுகிறது.

எங்கள் ஆத்தா, அப்பாவைப் பெற்றவள், ரெகுலேஷன் வந்தபோது இருபது வயசுக்காரி. அவள் அண்ணன் ஒரு காரணவர். பழைய வழி நீடித்திருந்தால் அவர் காலத்துக்குப் பின் நிலமெல்லாம் என் அப்பாவுக்கு வந்திருக்கும். வரவில்லை, அவர் மகன்களுக்குப் போயிற்று. அதேசமயம் என் பாட்டாவின் நிலம் அவர் மருமகனுக்குப் போகாமல் அப்பாவுக்கு வந்தது. கணக்குப் பார்த்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. கல்லூரியில் படிக்கும்போது மான்மியத்தை வாசித்துவிட்டுக் குதியாட்டம் போட்டுக்கொண்டு ஆத்தாவிடம் சொன்னேன், 'பெண்களுக்காக ஒரு ஆம்பிளை எப்படிப் பாடியிருக்கார் பாத்தியா' என்று. கூடத்தில் காலை நீட்டிப் பாக்கு இடித்துக்கொண்டிருந்தவள் உலக்கையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"நல்லாத்தான் பாடியிருக்காரு மக்கா. எந் தலையெழுத்தும் அதுலதான் மாறிச்சு. ஆனா கேட்டியா, முன்னெல்லாம் எனக்குப் பொறந்த வீட்டுல ஒரு வாசல் உண்டு. இங்க ஒருத்தன் மொறச்சா, போலேன்னு அங்க போயி இருப்பேன். எம் பிள்ளையளுக்கு உள்ள வீடுல்லா அது? பொறவு போனா விருந்தாளி. காப்பி குடுப்பா, எப்பம் போறேன்னு கேப்பா. ஒரு கையில வாங்கி ஒரு கையில குடுத்தேன். பெண்டாட்டி அழுதது அவருக்குக் கேட்டுருக்கு. உடம்பொறந்தா அழுதது கேக்கல்லியே."

ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. மான்மியத்தைப் பற்றி நான் வாசித்த எந்தக் கட்டுரையும் இதைவிடக் கூர்மையாக அதைத் தொட்டதில்லை.

திரும்பப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். மாமிக்கென்று ஒரு முழுப் படலம். யார் அந்த மாமி? அவள் மகள் வயிற்றுப் பிள்ளைகளுக்குத்தான் சொத்து, மருமகள் வயிற்றுப் பிள்ளைகளுக்கு இல்லை. ஆக, அந்த வீட்டில் மாமியும் மருமகளும் முட்டிக்கொண்டது குணக்கேடு மட்டும் அல்ல. சொத்து ஏற்பாடே இரண்டு பெண்களை எதிரெதிரே நிறுத்தியிருக்கிறது. அந்த ஏற்பாட்டைத் திட்ட வந்த காவியம், வாசிக்கிறவன் கோபத்தில் பெரும்பங்கை மாமியின் தலையில் கொட்டிவிட்டது. காரணவர் சிரிப்புக்கு ஆளானார், மாமி வெறுப்புக்கு ஆளானாள். சிரிப்புக்கு ஆளானவரை ஊர் மன்னித்துவிடும். அந்த மாமிக்கும், அவள் மகளுக்கும், மருமகனுக்கும் கவிமணி வாய் கொடுக்கவில்லை. அவர்கள் பேசுவதெல்லாம் ஐந்தாம் மனைவி சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது. எதிர்த்தரப்பின் வாக்குமூலத்தையும் வாதியே எழுதிக் கொடுத்த வழக்கு அது.

அதனால் கவிமணி தப்பு செய்தார் என்று சொல்லவருகிறேனா? இல்லை. அன்றைக்குத் தெருவில் நின்றவள் விதவை. அவள் குரல்தான் முதலில் கேட்க வேண்டியது. வெள்ளத்தில் போகிறவளைக் கரையேற்றும்போது கரையில் நிற்கிறவளின் சேலை நனைந்ததைக் கணக்குப் பார்க்க முடியாது. ஆனால் கரையேற்றி நூறு வருஷம் ஆன பிற்பாடும், நனைந்த சேலையைப் பற்றிப் பேசாமலே இருந்தால் அது விமர்சனமா? மான்மியத்தை நாம் சீர்திருத்த நூல் என்று மாலை போட்டு வைத்துவிட்டோம். மாலை போட்ட புத்தகத்தை யாரும் திறந்து குறுக்குக் கேள்வி கேட்பதில்லை.

நல்ல எழுத்தும் உங்களைச் சாய்க்கத்தான் பார்க்கும், நண்பர்களே. சாயுங்கள், தப்பில்லை. சாய்ந்த பிறகு ஒரு நிமிஷம், இந்தக் கதையில் யார் அழுகை எனக்குக் கேட்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள். மான்மியம் போன்ற புத்தகத்தை அப்படி யோசித்தால் அது இன்னும் பெரிதாகத் தெரியும். கைப்பேசியில் வரும் விஷத்தை அப்படி யோசித்தால் ரெண்டு நிமிஷத்தில் சாயம் வெளுத்துவிடும்.

ஆத்தாவின் அண்ணன் செத்தது 1966ல். எனக்குப் பதினொரு வயசு. அன்று அவள் பாடிய ஒப்பாரியில் ஒரு வரியும் என் நினைவில் இல்லை. எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, மற்றவர்களுக்கும் தோன்றவில்லை. நினைவிருப்பது ஒன்றுதான். ராத்திரி எல்லாரும் போன பிற்பாடு, அவளும் அவள் மைனியும் நடுக்கூடத்தில் ஒரே பாயில் படுத்திருந்தார்கள். மைனி தூக்கத்திலும் விசும்பிக்கொண்டிருந்தாள். ஆத்தா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.